பிளஸ் 1 பொதுத்தேர்வு போயாச்சு... கணக்கு வகுப்புக்கு இனி யார் காவல்?

2025-26 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் பிளஸ் 1 மாணவர்களுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 2025 ஆகஸ்ட் 8 அன்று சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையோடு வந்த மாற்றம் இது. 10, 11, 12 என்று தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதிக் களைத்துப்போன பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் தனியாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அது கணிதம். பொதுத்தேர்வு என்ற பூட்டைக் கழற்றியாச்சு, சரி. அந்த இடத்தில் வேறு என்ன வைக்கப் போகிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் தலைமைச் செயலகம் மட்டுமல்ல, ஒவ்வொரு பள்ளியின் பிளஸ் 1 வகுப்பறையும்தான். அதிலும் குன்றத்தூர் மாதிரி ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில், இந்தத் தேர்வு ஏன் வந்தது?

2017-க்கு முன்னால் பிளஸ் 1 ஆண்டுத் தேர்வு என்பது அந்தந்தப் பள்ளியின் சொந்த விவகாரம். கல்லூரி சேர்க்கைக்குப் பிளஸ் 2 மார்க் மட்டும்தான். அதனால் என்ன நடந்தது என்பது ஊரறிந்த கதை. பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதல் வருஷமே பிளஸ் 2 போர்ஷனை ஆரம்பித்துவிடும். ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் திரும்பத் திரும்ப எழுத வைத்தால் மார்க் கொட்டத்தானே செய்யும்? கணக்கில் 200-க்கு 200 குவிந்தது.

அதே பிள்ளைகள் இன்ஜினீயரிங் முதல் வருஷக் கணக்கில் தடுமாறினார்கள். 11, 12 இரண்டு வகுப்புப் பாடங்களையும் சேர்த்துக் கேட்கும் ஜேஇஇ போன்ற தேசிய அளவிலான தேர்வுகளிலும் பின்தங்கினார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2017 மே மாதம், கே.ஏ.செங்கோட்டையன் பள்ளிக் கல்வித் துறை அமைச்சராக இருந்தபோது, பிளஸ் 1-க்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. ஒரு பாடத்துக்கு 200 மார்க் என்பது 100 ஆனது. மொத்தம் 1,200 என்பது 600 ஆனது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. பிளஸ் 1, பிளஸ் 2 இரண்டு வருஷ மார்க்கையும் சேர்த்துத்தான் கல்லூரி சேர்க்கை என்பது திட்டம்.

அந்தத் திட்டம் ஆறே மாதம்தான் தாங்கியது. 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் 1 மார்க் கணக்கில் வராது என்று அரசே சொல்லிவிட்டது. தேர்வு இருந்தது, பல் பிடுங்கிய பாம்பாக இருந்தது. அந்த மார்க்குக்கு உண்மையான எடை கிடைத்தது ஒரே ஒரு முறைதான். கொரோனாவால் 2021-ல் பிளஸ் 2 தேர்வு ரத்தானபோது, 10-ம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் 1-க்கு 20 சதவீதம், பிளஸ் 2 செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று பிரித்து மார்க் போட்டார்கள்.

ஆக, தேர்வை எடுத்ததில் பெரிய நஷ்டம் ஏதும் இல்லை என்று வாதாடலாம். ஆனால் பல் இல்லாவிட்டாலும் அந்தத் தேர்வு ஒரு வேலையைச் செய்தது. மார்ச்சில் கேள்வித்தாள் வெளியிலிருந்து வரும் என்பதால் பிளஸ் 1 புத்தகத்தைத் திறக்காமல் எந்தப் பள்ளியாலும் தப்பிக்க முடியவில்லை. இனி முடியும்.

கணக்கு மட்டும் ஏன் ஸ்பெஷல்?

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும்தானே என்று கேட்கலாம். பொருந்தும். ஆனால் கணக்கு மாடிப்படி மாதிரி. கீழ்ப்படி இல்லாமல் மேல்படி இல்லை.

தமிழ்நாடு பாடநூலையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் 1-ல் 12 பாடங்கள், பிளஸ் 2-ல் 12 பாடங்கள். பிளஸ் 1-ல் அணிகளும் அணிக்கோவைகளும் படித்தால்தான் பிளஸ் 2 முதல் பாடமே புரியும். அடிப்படை இயற்கணிதம் தெரிந்தால்தான் சமன்பாட்டியல். முக்கோணவியல் தெரிந்தால்தான் நேர்மாறு முக்கோணவியல். அங்கே வெக்டர் இயற்கணிதம், இங்கே அதன் பயன்பாடுகள். அங்கே வகை நுண்கணிதம், இங்கே அதன் பயன்பாடுகள். அங்கே தொகை நுண்கணிதம், இங்கே அதன் பயன்பாடுகள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: பிளஸ் 2 புத்தகத்தில் பெரும்பகுதி, பிளஸ் 1-ல் படித்ததைப் பயன்படுத்திப் பார்ப்பது. படிக்காததை எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு சின்ன உதாரணம். ஒரு வட்டத்தின் ஆரம் வினாடிக்கு 2 செ.மீ. வீதம் பெரிதாகிறது. ஆரம் 10 செ.மீ. ஆக இருக்கும் நொடியில் பரப்பு எவ்வளவு வேகத்தில் கூடும்? இது பிளஸ் 2-ல் வரும் வகைக் கணக்கு. பிளஸ் 1-ல் வகையிடல் கற்றவருக்கு இது இரண்டே வரி. பரப்பை ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் 2 பை பெருக்கல் ஆரம், அதாவது 20 பை. அதை ஆரம் கூடும் வேகமான 2-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 40 பை சதுர செ.மீ.

வகையிடல் என்றால் என்னவென்று தெரியாதவரும் இதே விடையை எழுதிவிடலாம். எப்படி? மனப்பாடம். கேள்வியில் 2-க்குப் பதில் 3 வந்தாலும் சமாளிப்பார். வட்டத்துக்குப் பதில் கூம்பு வந்தால் மாட்டிக்கொள்வார்.

தேர்வு முறையும் இந்த மனப்பாடத்துக்கு இடம் கொடுக்கிறது. பிளஸ் 2 கணக்கில் எழுத்துத் தேர்வு 90 மார்க், அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 25, மொத்தத்தில் 35 எடுத்தால் பாஸ். அதில் ஒரு மார்க் கேள்விகள் மட்டும் 20. புக்-பேக் கேள்விகளை நன்றாக உருப்போட்டு, கூடவே ஓரிரு பெரிய கணக்கில் பாதி எழுதி, அகமதிப்பீட்டில் முழுசாக 10 வாங்கினால் கரை சேர்ந்துவிடலாம். பாஸ் ஆவதும் கணக்கு தெரிவதும் வேறு வேறு என்பது முதல் செமஸ்டரில்தான் உறைக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் கணிதத் தாளின் பெயரே ‘அணிகளும் நுண்கணிதமும்’தான். இரண்டுக்கும் அடித்தளம் பிளஸ் 1-ல்தான் போடப்படுகிறது.

குன்றத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சேக்கிழார் பிறந்த ஊர், மலைமேல் முருகன் கோயில் இருக்கும் ஊர் என்று தெரிந்த குன்றத்தூருக்கு இன்று இன்னொரு முகமும் உண்டு. ஒரு பக்கம் போரூர் வழியாகச் சென்னை. மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் தொழிற்சாலைகள். கம்பெனி பஸ் வந்து நிற்கும் நேரத்தை வைத்தே இங்கே பல வீடுகளில் பொழுது விடிகிறது, சாய்கிறது.

இந்த வட்டாரத்தில் கணக்கு குரூப் எடுக்கும் பிள்ளைக்கு முன்னால் பொதுவாக மூன்று வழிகள். இன்ஜினீயரிங், பாலிடெக்னிக் டிப்ளமோ, இல்லையென்றால் பிளஸ் 2 முடித்த கையோடு ஏதாவது ஒரு கம்பெனியில் லைனில் வேலை. மூன்றிலும் கணக்குக்கு வேலை இருக்கிறது. சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் எழுத ஆயத்தொலைவும் முக்கோணவியலும் வேண்டும். வெல்டிங் ரோபோவின் கை எந்தப் பக்கம் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பதைக் கணினி அணிகளை வைத்துத்தான் கணக்கிடுகிறது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மாட்டியிருக்கும் சார்ட்டில் மேல் கோடும் கீழ்க் கோடும் திட்டவிலக்கத்திலிருந்து வருபவை. பட்டனை அழுத்துபவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. பட்டனை அழுத்தும் வேலையிலிருந்து அடுத்த படிக்குப் போக நினைப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அந்த அடுத்த படி எவ்வளவு முக்கியம் என்பதை இந்த வட்டாரம் ஒருமுறை பார்த்துவிட்டது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. பிளஸ் 2 முடித்துவிட்டு நேராக வேலைக்கு வந்த இளம்பெண்கள் பலர் அங்கே இருந்தார்கள். ஆலை போனால் ஐடி கார்டும் கூடவே போய்விடும். கையில் மிஞ்சுவது என்ன கற்றோம் என்பது மட்டும்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது; அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நல்ல திட்டம். கதவு திறந்தாச்சு. உள்ளே போன பிள்ளை முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர் வைத்து, நாலு வருஷமும் அதைச் சுமந்துகொண்டே போனால், திறந்த கதவால் யாருக்கு லாபம்?

டியூஷனுக்குப் பணம் இருக்கும் வீட்டில் பிளஸ் 1 வகுப்பு கைவிட்டாலும் டியூஷன் சென்டர் பிடித்துக்கொள்ளும். அப்பா பி ஷிப்ட், அம்மா ஜெனரல் ஷிப்ட் என்று ஓடும் வீட்டில் வகுப்பறைதான் எல்லாம். பிளஸ் 1 பொதுத்தேர்வு யாரையாவது காப்பாற்றியது என்றால், இந்தப் பிள்ளைகளைத்தான்.

முதல் நாளே கொடுக்கும் ஒரு தாள்

அப்படியென்றால் தேர்வைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமா? வேண்டாம். 16 வயசுப் பிள்ளைக்கு இன்னொரு பொதுத்தேர்வு தேவையில்லை. தேவைப்படுவது வேறு.

அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில் ‘கல்லூரி அளவிலான இயற்கணிதம்’ என்று ஒரு வகுப்பு உண்டு. படிப்பது பள்ளியில், தரம் கல்லூரிக்கு உரியது. பல இடங்களில் அதில் வாங்கும் மதிப்பெண் கல்லூரிக் கணக்கிலேயே ஏறிவிடும். உள்ளடக்கத்தைப் பார்த்தால் நம்ம பிளஸ் 1 புத்தகத்தின் சில பாடங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கும்: சார்புகள், பல்லுறுப்புக் கோவைகள், மடக்கைகள், அணிகள். பாடத்தின் கடினத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

வித்தியாசம், வகுப்பின் முதல் நாள் ஒவ்வொரு மாணவர் கையிலும் தரப்படும் ஒரு தாளில் இருக்கிறது. இந்த வகுப்புக்கு வர என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த வாரம் எந்தப் பாடம், வீட்டுப்பாடத்துக்கு எத்தனை சதவீதம், தேர்வுக்கு எத்தனை சதவீதம், ஒரு தேர்வைத் தவறவிட்டால் என்ன செய்வது, லேட்டாகக் கொடுத்தால் என்ன ஆகும், சந்தேகம் கேட்க ஆசிரியரை எந்த நேரத்தில் பார்க்கலாம், காப்பி அடித்தால் என்ன நடவடிக்கை... எல்லாம் அதில் இருக்கும். மாணவரும் பெற்றோரும் படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம்.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. விதிகள் எழுத்தில் இருந்தால் அவை இரண்டு பக்கத்தையும் கட்டும். ‘அக்டோபரில் முக்கோணவியல்’ என்று தாளில் இருந்தால், அக்டோபரில் பிளஸ் 2 புத்தகத்தைத் திறக்கும் பள்ளியைப் பார்த்து ஒரு அம்மா கேள்வி கேட்க முடியும். பொதுத்தேர்வு வெளியிலிருந்து செய்த காவல் வேலையை, அந்தத் தாளை வைத்துக்கொண்டு பெற்றோரே செய்யலாம்.

நம்ம ஊரில் விதியே இல்லையா என்றால், இருக்கிறது. பிளஸ் 2 அகமதிப்பீட்டு 10 மார்க்குக்கே கணக்கு உண்டு: வருகைக்கு 2, வகுப்புத் தேர்வுகளுக்கு 4, செயல்திட்டம், ஒப்படைப்புக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. நல்ல பகுப்புதான். ஆனால் எத்தனை வீடுகளில் இந்தப் பகுப்பு தெரியும்? ‘இன்டர்னல் மார்க் எல்லாருக்கும் முழுசா போட்டுடுவாங்க’ என்பதுதான் தெரியும். எல்லாருக்கும் பத்துக்குப் பத்து என்றால், அந்த மார்க் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

தாளில் என்னென்ன இருக்கணும்?

பிளஸ் 1 கணக்கு வகுப்புக்கு ஒரு பக்கத் தாள் போதும். தமிழில், வீட்டில் எல்லாருக்கும் புரியும்படி. அதில் இந்த ஏழு விஷயங்கள் இருந்தால் நல்லது.

1. மாத அட்டவணை. 12 பாடங்களும் எந்தெந்த மாதம் என்று தேதியோடு. கூடவே ஒரு வரி: பிளஸ் 1-ன் கடைசிப் பாடம் முடியும் வரை பிளஸ் 2 பாடம் தொடங்கப்படாது.

2. முதல் இரண்டு வாரம் பழைய கணக்கு. பிளஸ் 1-ல் தடுமாறுபவர்களில் பலருக்குப் பிரச்சினை பிளஸ் 1-ல் இல்லை. பின்னம், அடுக்கு விதிகள், காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு என்று 8-ம் வகுப்பிலிருந்து 10-ம் வகுப்பு வரை விட்டுப்போனது. ஜூன் மாதமே ஒரு சோதனைத் தேர்வு வைக்கணும். மார்க் எங்கேயும் ஏறக் கூடாது. யாருக்கு எங்கே ஓட்டை என்று தெரிந்துகொள்ள மட்டும்.

3. மறுதேர்வு உரிமை. ஒரு பாடத் தேர்வில் பாதிக்குக் கீழே எடுத்தால் இரண்டு வாரத்துக்குள் இன்னொரு வாய்ப்பு. தப்பான கணக்குகளைத் திருத்தி எழுதிக் காட்டிவிட்டுத்தான் மறுதேர்வு. மாடிப்படி மாதிரியான பாடத்தில் ஒரு படி உடைந்தால் சரிசெய்துவிட்டு ஏறுவதுதான் நியாயம். ‘போனது போச்சு, அடுத்த பாடம்’ என்று நகர்ந்தால் மொத்தமும் சரியும்.

4. விடைக்கு இல்லை, வழிமுறைக்கு மார்க். வீட்டுப்பாடத்தில் கடைசி விடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. இடையிலுள்ள படிகள் வேண்டும்.

5. செல்போன் விதி. கணிதப் பொதுத்தேர்வு அறைக்குள் கால்குலேட்டருக்கே அனுமதி இல்லை. வீட்டிலோ கணக்கைப் போட்டோ எடுத்தால் படிப்படியாக விடை தரும் ஆப்களும் ஏஐ செயலிகளும் எல்லார் கையிலும் இருக்கின்றன. ‘பயன்படுத்தாதே’ என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் விதி இப்படி இருக்கலாம்: முதலில் நீயே போடு, ஆப்பை வைத்துச் சரிபார், ஆனால் கூப்பிட்டால் கரும்பலகையில் போட்டுக் காட்டணும். காட்ட முடியாத கணக்குக்கு மார்க் இல்லை.

6. சந்தேக நேரம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், தேதி குறித்து. யார் வேண்டுமானாலும் வரலாம், எந்த முட்டாள்தனமான கேள்வியும் கேட்கலாம். விடுப்பு எடுத்தவர் விட்டதைப் பிடிக்கும் இடமும் இதுவே.

7. ஷிப்ட் பார்க்கும் பெற்றோருக்கு ஏற்ற நேரம். வேலைநாள் மதியம் 3 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு ‘பேரன்ட்ஸ் வர்றதே இல்லை’ என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. இந்த வட்டாரப் பள்ளிகளில் பருவத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாவது வேண்டும். பாடம் எங்கே நிற்கிறது என்று மாதம் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா?

மறுப்புகள் வரும். வரவும் வேண்டும்.

முதல் மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து. ஏற்கெனவே எமிஸ் பதிவு, பயிற்சிக் கூட்டம், கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லாமே தலையில் இருக்கிறது. இதில் மறுதேர்வுக்குத் தனியாகக் கேள்வித்தாள், திருத்தம் என்றால் யார் செய்வது? நியாயமான கேள்வி. வழி ஒன்றுதான். பாடத்துக்கு இரண்டு மூன்று மறுதேர்வுத் தாள்களை மாவட்ட அளவிலேயே தயாரித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். சந்தேக நேரத்தை ஆசிரியரின் பாடவேளைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். தியாகத்தை நம்பி ஒரு கொள்கையை நடத்த முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. எதிர்பார்ப்பு, விதி என்று ஆரம்பித்தால், ‘உனக்குக் கணக்கு வராது, குரூப் மாத்திக்கோ’ என்று பலவீனமான பிள்ளைகளை வெளியே தள்ளுவதில் போய் முடியும். இதை லேசாக ஒதுக்க முடியாது. சிபிஎஸ்இ 10-ம் வகுப்புக் கணிதத்தை 2020 தேர்விலிருந்து ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என்று இரண்டாகப் பிரித்தது. பயம் குறையட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் பேசிக் எடுத்தவர் 11-ம் வகுப்பில் கணிதம் எடுக்க முடியாது என்ற விதியும் கூடவே வந்தது. கொரோனா காலத்தில் அதைத் தளர்த்த வேண்டியிருந்தது. 15 வயசில் எடுத்த ஒரு முடிவு வாழ்நாள் வேலியாக மாறும் ஆபத்து அதில் இருந்தது.

அதனால்தான் தாளில் பள்ளி செய்ய வேண்டியவையும் சம அளவில் இருக்க வேண்டும் என்பது. ‘மாணவர் வீட்டுப்பாடம் முடிக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால், ‘ஆசிரியர் ஒரு வாரத்துக்குள் திருத்தித் தர வேண்டும்’ என்று இன்னொரு வரி. ‘மாணவர் விடுப்பு எடுக்கக் கூடாது’ என்றால், ‘எடுத்தால் விட்ட பாடத்தைப் பள்ளி சொல்லித் தரும்’. ஒரு பக்கத்தை மட்டும் கட்டும் விதிக்குப் பேர் தண்டனை.

மூன்றாவது, ‘பள்ளி அளவில் ஆண்டுத் தேர்வுதான் இருக்கே, போதாதா?’ போதாது. 2017-க்கு முன்னாலும் அது இருந்தது. அது இருக்கும்போதேதான் பிளஸ் 1 புத்தகம் ஓரமாகப் போனது.

எட்டு வருஷம் எடுத்த ஒரு அதிசயம்

தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கணக்கெல்லாம் எட்டாது என்ற பேச்சு உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவின் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். 1974-ல் அங்கே கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தவர் பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலான்டே. 1982-ல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரி அளவிலான நுண்கணிதத் தேர்வு எழுதினார்கள், எல்லாரும் பாஸ். நம்ப முடியாத தேர்வு அமைப்பு 14 பேர் மீது சந்தேகம் கிளப்பியது. அவர்களில் 12 பேர் மீண்டும் எழுதினார்கள். 12 பேரும் மறுபடி பாஸ். இதுவே 1988-ல் ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்ற படமாக வந்தது.

படத்தைப் பார்த்தால் ஒரே வருஷத்தில் ஒரு நல்ல வாத்தியார் மாயம் செய்துவிட்ட மாதிரி தெரியும். நிஜத்தில் அவர் சேர்ந்ததற்கும் அந்தத் தேர்வுக்கும் இடையே எட்டு வருஷம் இருக்கிறது. கீழ் வகுப்புகளில் இயற்கணிதத்தைச் சரிசெய்தது, பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் வகுப்பு எடுத்தது, பிள்ளைகளிடமிருந்து இவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னது எல்லாம் அந்த எட்டு வருஷத்தில்தான் நடந்தது. ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை.

குன்றத்தூர்ப் பிள்ளைகளுக்கு அதிசயம் எதுவும் வேண்டாம். பிளஸ் 1-ல் பிளஸ் 1 பாடத்தை நடத்தினால் போதும்.

பெற்றோர் இப்போதே என்ன செய்யலாம்?

அரசாணை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ பிளஸ் 1-ல் கணக்கு குரூப் பிள்ளை இருந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாதம் எந்தப் பாடம் நடக்கிறது? போன தேர்வில் தப்பான கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாயா? கையில் இருக்கிற புத்தகம் பிளஸ் 1-ஆ, பிளஸ் 2-வா?

மூன்றாவது கேள்விக்கு ‘பிளஸ் 2’ என்று பதில் வந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டியது பெற்றோரின் வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் கட்டடத்துக்கும் கழிப்பறைக்கும் மட்டும் இல்லை. பாட அட்டவணையைக் கேட்கவும் அவற்றுக்கு வாய் உண்டு.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. பிளஸ் 1 கணக்கு வகுப்புக்கு ஒரு பக்க மாதிரித் தாளைத் தயாரித்து, ஜூன் மாதப் புத்தகங்களோடு சேர்த்துக் கொடுக்கலாம். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் இல்லாமல் எல்லாப் பள்ளிகளும் அதைப் பெற்றோர் கையில் சேர்க்க வேண்டும் என்று சொல்லலாம். ஆய்வுக்குப் போகும் அதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மாணவரின் நோட்டைத் திறந்து தேதியைப் பார்த்தால் போதும். பாடம் நடந்ததா இல்லையா என்று நோட்டே சொல்லிவிடும்.